பிள்ளைக்கு விட்ட காற்று

என் தங்கை பத்மாசனியின் புருஷன் வீரகத்தியைப் பற்றி வேறு யாரும் குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. குறை சொல்வதென்றால் நான் சொல்வேன். பத்மாசனிக்கு மூத்தவள் நான். அவளைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அந்த மனிசனோடு மல்லுக்கட்டுகிறவளும் நான்தான். குடிக்க மாட்டார், வேலைக்குப் பஞ்சிப்பட மாட்டார், மனைவியை ஒரு சொல் கடிந்து சொல்ல மாட்டார். ஆனால் தண்ணீர் என்று வந்துவிட்டால் அவருக்கு நியாயம் அநியாயம் ஒன்றும் தெரியாது.

அதற்கு அவரை மட்டும் சொல்லவும் கூடாது. இரணைமடுக் குளத்தை நம்பி, பரந்தனுக்கு உள்ளே காடு வெட்டிக் குடியேறிய சனம் எல்லாமே அப்படித்தான். மழையில்லாத சிறுபோகத்தில் வாய்க்கால் தண்ணீரை முறை வைத்து விடுவார்கள். தண்ணீர்ப் பகுதி ஓவசியர் சைக்கிளில் வந்து, ஒவ்வொரு வயலின் மடைக்கும் இவ்வளவுதான் திறப்பு என்று பலகையை இறக்கி வைத்துவிட்டுப் போவார். சைக்கிள் வளைவில் மறைந்ததும் அந்தப் பலகை மெல்ல மேலே ஏறும். களவு என்று யாரும் அதைச் சொல்வதில்லை. "கொஞ்சம் தளர்த்தி விட்டனான்" என்பார்கள். இவர்கள் தளர்த்துவார்கள் என்று தெரிந்து ஓவசியர் முதலிலேயே குறைத்து வைப்பார். அவர் குறைத்து வைப்பார் என்று தெரிந்து இவர்கள் தளர்த்துவார்கள். திறப்பு யார் கையில் இருக்கிறதோ அவன் குறைத்துத்தான் தருவான் என்பது அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

அறுபதுகளின் தொடக்கத்தில், பத்மாசனிக்கு இரண்டு தரம் கரைந்து போய், மூன்றாவது தங்கியது. துணைக்கு நிற்கலாம் என்று நான் பளையிலிருந்து பஸ் ஏறி வந்தேன். பிள்ளைப்பேற்றுக்கு இன்னும் காலம் கிடக்கிறது, அதற்குள் மிளகாய்த்தூள், பத்தியத் தூள் எல்லாம் இடித்து வைக்கலாம் என்பதுதான் என் எண்ணம். உலக்கையைக் கையில் எடுக்கவும் விடாமல் அவளுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. அயல் வீட்டு டிரக்டர் பெட்டியில் வைக்கோலைப் போட்டு, அதில் அவளைக் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

ஆண் பிள்ளை. நிறை மூன்று இறாத்தல்கூட இல்லை. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து ஏந்தினால் முழுப் பிள்ளையும் அதற்குள் அடங்கிவிடும். தோலுக்குக் கீழே நரம்பு ஓடுவது தெரிந்தது. "ஏழு மாசத்துப் பிள்ளை தங்கும், எட்டு மாசத்துப் பிள்ளைதான் தங்காது" என்று பக்கத்துக் கட்டில் மனிசி எனக்கு ஆறுதல் சொன்னாள். அது என்ன கணக்கோ எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு அதைக் கேட்க நல்லாக இருந்தது.

பத்மாசனிக்குக் காய்ச்சல் பிடித்துவிட்டது. அவளைப் பிள்ளைப்பேற்று வார்டிலேயே வைத்துக்கொண்டு, பிள்ளையை முற்றத்துக்கு மறுபக்கம் இருந்த ஒரு சின்ன அறைக்குக் கொண்டு போனார்கள். தச்சன் செய்து கொடுத்த மரப்பெட்டி ஒன்று அங்கே இருந்தது. மேலே கண்ணாடி மூடி. உள்ளே பஞ்சுப் படுக்கை, இரண்டு பக்கமும் துணி சுற்றிய சுடுதண்ணீர்ப் போத்தல். பெட்டிக்குப் பக்கத்தில் ஆளுயர இரும்புச் சிலிண்டர். அதற்குள் ஒட்சிசன் என்றார்கள், வெறும் மூச்சுக்காற்றின் சத்து. உள்ளே எவ்வளவு மிச்சம் என்று காட்ட மேலே ஒரு முள், கீழே திறந்து பூட்ட ஒரு திருகு. அதிலிருந்து ஒரு றப்பர் குழாய் பெட்டிக்குள் போனது.

அந்த அறைக்குப் பொறுப்பான நேர்ஸ், மிஸ்ஸி நேசமலர். முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்த வேதக்காரப் பெண். கட்டை உருவம், கடலில் நிற்கிற வள்ளத்தைக் கூப்பிடுகிற குரல். என் வாய்க்கு ஊரில் எதிர்வாய் கிடையாது. அவர் வாய்க்கு முன்னால் நானே கொஞ்சம் அடங்கித்தான் போனேன்.

முதல் நாளே பிள்ளை மூச்சை விட்டு விட்டு எடுத்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதடு நாவற்பழ நிறமாகிவிட்டது. நேசமலர் திருகைத் திறந்தார். காற்று மெல்லிய சத்தத்தோடு போனது. கொஞ்ச நேரத்தில் உதட்டில் நீலம் கழன்று சிவப்பு ஏறியது. செத்த பிள்ளை பிழைத்த மாதிரித்தான் எங்களுக்கு இருந்தது. வீரகத்தி சால்வையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

பிள்ளை சிவந்து ஆறுதலாக மூச்செடுக்கத் தொடங்கியதும் நேசமலர் திருகைக் குறைத்தார். பிறகு முழுதாகவே பூட்டிவிட்டார். வீரகத்திக்கு அழுகை நின்றுவிட்டது.

"ஏன் மிஸ்ஸி பூட்டுறியள்?"

"பிள்ளை சிவந்திட்டான். இப்ப விட்டது காணும், போதும்."

"சிலிண்டருக்குள்ள கிடக்குத்தானே. விடுங்கோவன்."

"கிடக்கு எண்டதுக்காக விடுறதில்லை, ஐயா. தேவைக்குத்தான் விடுறது" என்றுவிட்டு அவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார். அங்கே வேறு பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். நின்று விளக்கம் சொல்ல அவருக்கு ஏது நேரம்?

அதற்குப் பிறகு அதே கதைதான். உதடு கறுத்தால் திறப்பார், சிவந்தால் குறைப்பார், தேறினால் பூட்டுவார். வீரகத்தி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். "மச்சாள், அவா கடற்கரை ஆள். அளந்து விட்டு வளத்தா பயிர் வளராது எண்டு அவாவுக்கு எப்பிடித் தெரியும்?" என்று என்னிடம் முணுமுணுப்பார். அதோடு விட்டாரா? காய்ச்சலில் கிடந்த பத்மாசனியிடமும் போய், "அந்த மிஸ்ஸி எங்கட பிள்ளைக்குக் காத்தைப் பூட்டிப் பூட்டி வைக்கிறா" என்று சொல்லியிருக்கிறார். கேட்டு எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. நோயாளிக்குச் சொல்கிற கதையா இது என்று நன்றாகக் கொடுத்தேன். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். ஆனால் பத்மாசனி அதைக் கேட்டது கேட்டதுதான்.

பகலில் நான் பத்மாசனிக்குக் கஞ்சி கொண்டுபோய்ப் பருக்குகிற நேரம், வீரகத்தி பிள்ளைக்குக் காவல் இருப்பார். நேசமலரும் அந்த நேரத்தில்தான் மற்றப் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கப் போவார். இப்படியே நாட்கள் போயின. பிள்ளை துளித்துளியாகப் பால் குடித்தான், நிறை ஏறாவிட்டாலும் இறங்கவில்லை.

ஒரு நாள் காலை நேசமலர் சிலிண்டருக்கு முன்னால் நின்று முள்ளைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"இது என்ன விசர் முள்ளு? புதுச் சிலிண்டரோட லொறி வருமட்டும் காணவேணும். இப்பவே அரைவாசிக்குக் கீழ போட்டுது."

எங்கேயோ ஒழுகுகிறது என்று சவர்க்காரம் கரைத்துக்கொண்டு வந்து, பூட்டு, திருகு, குழாய் எல்லாவற்றிலும் பூசினார். ஒழுகினால் நுரை கொப்புளிக்குமாம். ஓரிடத்திலும் கொப்புளிக்கவில்லை. அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வீரகத்தி சுவரில் பல்லி பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். "மடைப் பலகையைத் தொட்டது ஆர்?" என்று ஓவசியர் கேட்கும்போது ஊரில் இருக்கிற அத்தனை ஆம்பிளைகளும் வைத்துக்கொள்கிற முகம் அது.

அன்றைக்குக் கஞ்சிப் பாத்திரத்தோடு புறப்பட்ட நான் பாதி முற்றத்தில் திரும்பி வந்தேன். கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன். வீரகத்தியின் ஒரு கை திருகில், மற்றக் கை கண்ணாடி மூடியில். காற்று இரைந்துகொண்டு போனது. பிள்ளை ரோசாப்பூ நிறத்தில் கிடந்தான்.

"குடி ராசா. வடிவாக் குடி" என்று அவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரை ஏசவென்று திறந்த வாய் எனக்கு அப்படியே நின்றுவிட்டது. வறண்ட வயலுக்குள் தண்ணீர் ஏறுவதைப் பார்க்கிறவனுடைய முகம் அது. அந்த முகத்தை எப்படி ஏசுவது? ஆனால் எனக்குப் பின்னாலேயே நேசமலரும் வந்துவிட்டார். பாய்ந்து திருகைப் பூட்டினார்.

"நான் கொஞ்சம் தளர்த்தி விட்டனான், மிஸ்ஸி. அவ்வளவுதான்" என்றார் வீரகத்தி.

"எப்ப துவக்கம்?"

அவர் கண்ணாடி மூடியில் வைத்திருந்த கையை எடுத்தார்.

"ஐயா, எப்ப துவக்கம் எண்டு கேக்கிறன்."

"வந்த அடுத்த நாள் துவக்கம். ஒவ்வொரு நாளும். நீங்கள் அங்கால போற நேரத்திலை."

நேசமலர் கத்துவார், ஆஸ்பத்திரியே இடியும் என்று நான் நினைத்தேன். அவர் கத்தவில்லை. முகம் வெளிறி, கதிரையில் இருந்துவிட்டார். அவர் சத்தம் போடாததுதான் எனக்குப் பயத்தைக் கிளப்பியது. பிறகு எழும்பிப் போய் டொக்டர் யோகநாதனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அந்த டொக்டர் இளந்தாரி. கொழும்பில் படித்துவிட்டு வந்து, தூக்கமில்லாமல் கண் சிவந்து திரிகிற பிள்ளை. அவர் வீரகத்தியை ஏசவில்லை. பக்கத்தில் ஒரு வாங்கை இழுத்துப் போட்டு அதில் இருந்தார்.

"அண்ணை, இந்தப் பிள்ளை இன்னும் தாயின்ர வயித்துக்குள்ள இருக்க வேண்டிய பிள்ளை. கையும் காலும் இருக்கு. ஆனா கண்ணுக்குப் பின்னால ஓடுற சின்ன இரத்தக் குழாயள் இன்னும் வளர்ந்து முடியேல்லை. இப்ப, வெளியில கிடந்துதான் வளருது. காத்து அளவுக்கு மிஞ்சினா அந்தக் குழாயள் சுருங்கிப்போகும். பேந்து தாறுமாறா முளைக்கும். முளைச்சு, கண்ணுக்குப் பின்னால இருக்கிற திரையை இழுத்துப் பிய்ச்சுப்போடும். பிள்ளைக்குக் கண் தெரியாமல் போகும்."

"காத்து நல்லதுதானே, டொக்டர்" என்றார் வீரகத்தி. சின்னப் பிள்ளை கேட்கிற குரல்.

"நல்லதுதான். அது இல்லாட்டி இவன் முதல் நாளே செத்திருப்பான். நல்லதெண்டதாலை வந்த பிழைதான் இது. வெளிநாட்டிலை பெரிய பெரிய ஆஸ்பத்திரியளிலைதான் கனக்கப் பிள்ளையள் குருடாப் போனது. அங்கை காத்துக்குப் பஞ்சமில்லை, பாசத்திலை அள்ளி அள்ளிக் குடுத்தினம். காரணம் என்னெண்டு கண்டுபிடிச்சதே இப்ப கிட்டடியிலைதான். குறைஞ்சா உயிர் போகும், கூடினாக் கண் போகும். நடுவிலை நிக்க வேணும். அந்த நடுவை அளக்க என்னட்டை ஒரு கருவியும் இல்லை. பிள்ளையின்ர உதட்டு நிறம்தான் அளவு. அதைப் பாத்துத்தான் மிஸ்ஸி திறந்து பூட்டினவா."

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று கலியாண வீட்டில் பாயாசத்தை முன்னால் வைத்துக்கொண்டு எத்தனை பேர் சொல்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். மூச்சுக் காற்றுக்கும் அது பொருந்தும் என்று யார் கண்டது?

"அப்ப இவன்ர கண் போட்டுதோ?"

"இப்ப சொல்ல ஏலாது. சில மாதம் போகவேணும். ஒண்டும் நடக்காமலும் விடலாம்." டொக்டர் எழும்பினார். "அம்மாவுக்குக் காய்ச்சல் மாறுமட்டும் இதைச் சொல்லாதேங்கோ."

அதோடு மனிசன் ஆளே மாறிப்போனார். சாப்பாடு இறங்கவில்லை. சிலிண்டரைப் பாம்பைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. செய்ததுக்குக் கொஞ்சம் வருந்தட்டும் என்றுதான் இருந்தேன்.

அடுத்த நாள் பத்மாசனிக்குக் கஞ்சி பருக்கிவிட்டு வந்து பார்க்கிறேன், பிள்ளை சாம்பல் நிறமாகக் கிடக்கிறான். உதடு நீலம். நெஞ்சு அசைகிறதோ இல்லையோ தெரியவில்லை. காற்றுச் சத்தமே கேட்கவில்லை. நேசமலர் அளவாகத் திறந்துவிட்டுப் போயிருந்த திருகைப் பூட்டி, அதைக் கையால் பொத்திக்கொண்டு இருக்கிறார் வீரகத்தி.

"வீரகத்தி, நீர் என்ன செய்யிறீர்?"

"கொஞ்சம் பொறுங்கோ மச்சாள். தானா மூச்செடுப்பான். முந்தியும் எடுத்தவன்தானே." அவர் கன்னமெல்லாம் கண்ணீர். "அவனுக்குக் கண் வேணும்."

"உயிர் இருந்தாத்தானடா கண்" என்று, வாழ்நாளில் முதல் தடவையாக அவரை 'டா' போட்டு, தோளில் பிடித்துத் தள்ளிவிட்டேன். நான் போட்ட கூச்சலில் நேசமலர் செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடிவந்தார். திருகைத் திறந்தார். மூடியைத் தூக்கி, பிள்ளையின் உள்ளங்காலை விரலால் சுண்டினார். முதுகைத் தடவினார். "மாதாவே, மாதாவே" என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது. நான் எங்கள் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். இரண்டு பேரில் யார் கேட்டார்களோ, பிள்ளை ஒரு தரம் விக்கி, வாயைக் கோணி, பூனைக்குட்டி மாதிரி அழுதான். நிறம் திரும்பியது. நேசமலர் உடனே திருகைப் பாதிக்குக் குறைத்தார்.

பிறகு வீரகத்தியின் பக்கம் திரும்பினார். இப்போதுதான் கிழிகிழியென்று கிழிக்கப் போகிறார் என்று நான் ஒதுங்கி நின்றேன்.

"ஐயா, நேற்றுவரைக்கும் திறந்தியள். இண்டைக்குப் பூட்டிப்போட்டியள். ரெண்டும் பாசத்திலை செய்தது, எனக்கு விளங்குது. ஆனா திருகு என்ர கையிலை இருக்கட்டும். உங்களுக்கு நான் ஒரு வேலை தாறன். இவன்ர உதட்டைப் பாத்துக்கொண்டு இருங்கோ. நிறம் மாறினா என்னைக் கூப்பிடுங்கோ. எத்தினை தரம் கூப்பிட்டாலும் வருவன்."

அன்றிலிருந்து வீரகத்தி அந்த உதட்டை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. வயலில் களை மண்டியது, முறைத் தண்ணீர் வந்து போனது, ஒன்றையும் கேட்கவில்லை. "மிஸ்ஸி" என்று கூப்பிடுவார், நேசமலர் வருவார். வீண் கூப்பாடாக இருந்தாலும் ஒரு நாளும் முகம் சுழிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றுத் தேவைப்படுவது குறைந்தது. ஒரு நாள் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய் வேறு அறையில் வைத்தார்கள். பத்மாசனிக்கும் காய்ச்சல் விட்டது. அவள் பிள்ளையை முதல் தரம் மடியில் வாங்கியபோது அந்த அறையில் நின்ற எல்லாரும் அழுதோம், நேசமலர் உட்பட.

பிள்ளையைக் கொண்டு வீட்டுக்கு வந்து, துடக்குக் கழித்து, வீரகத்தியின் தகப்பன் பேரையே வைத்தோம். பரமலிங்கம், கூப்பிடுகிறது பரமு. திருகு விஷயத்தைப் பத்மாசனியிடம் யாரும் சொல்லவில்லை. காய்ச்சல் மாறட்டும் என்றிருந்தோம். மாறியதும் அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு வாய் வரவில்லை. சொல்ல வேண்டியவர் வீரகத்தி என்று நான் இருந்தேன். அவரோ, பார்க்கிறானோ என்று நான் பிள்ளைக்கு முன்னால் கிலுக்கை ஆட்டினால்கூட எழும்பி வெளியே போய்விடுவார்.

பரமு நிறை போட்டான். சிரிக்கவும் தொடங்கினான். நான் பளைக்குத் திரும்பிப் போக உடுப்புக் கட்டிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், பத்மாசனி பிள்ளையை வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இந்த வலக் கண்ணைப் பாருங்கோ. கறுப்பு மணிக்குள்ள வெள்ளையா ஏதோ தெரியுது."

பார்த்தேன். தெரிந்தது. உடுப்பு மூட்டையை அவிழ்த்துவிட்டேன்.

கதை குடியேற்றம் முழுக்கப் பரவ வெகுநேரம் ஆகவில்லை. அயல் வீட்டு அன்னபாக்கியம் படலையைத் திறக்கும்போதே தொடங்கிவிட்டாள். "காத்தை விடாமப் பூட்டி வச்சவளாம் அந்த மிஸ்ஸி. பெட்டிசம் எழுதிப் போடவேணும்." இன்னொரு மனிசன், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமோ என்று பழமொழி எடுத்துவிட்டார். அவருடைய பழமொழியை அவரிடமே திருப்பிக் கொடுத்து, படலைக்கு வெளியே அனுப்பினேன். வீரகத்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். உண்மை எனக்கு நாக்கு நுனிவரைக்கும் வந்தது. இவர் இன்றைக்குச் சொல்லாவிட்டால் நாளைக்கு ஆஸ்பத்திரியில் வைத்து நானே சொல்லிவிடுவேன் என்று முடிவு கட்டினேன்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் டொக்டர் யோகநாதன் யன்னல்களைச் சாத்தி அறையை இருட்டாக்கி, ஒரு சின்னக் கருவியால் பிள்ளையின் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். இடக் கண்ணைப் பார்த்தார், வலக் கண்ணைப் பார்த்தார், திரும்பவும் இடக் கண்ணைப் பார்த்தார். பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நின்றது நேசமலர்தான்.

"இடக் கண் நல்லா இருக்கு. வெளிச்சத்தோட திரும்புறான். யாழ்ப்பாணத்திலை கண் டொக்டரிட்டையும் ஒருக்காக் காட்டுவம்." அவர் கருவியை மேசையில் வைத்தார். "வலக் கண் தெரியாது, அம்மா. அது இனித் திரும்பாது."

பத்மாசனி சத்தமே இல்லாதவள். சின்ன வயதில் நான் அடித்தால்கூட மூலைக்குள் போய் நின்றுதான் அழுவாள். அவள் நேசமலரின் கையிலிருந்து பிள்ளையைப் பறித்து எடுத்தாள்.

"நீங்கள்தானே. என்ர மனிசன் அப்பவே சொன்னவர், நீங்கள் பிள்ளைக்குக் காத்தைப் பூட்டிப் பூட்டி வைக்கிறியள் எண்டு. சிலிண்டர் நிறையக் கிடந்தும் விடேல்லை. உங்களுக்குப் பிள்ளை இருந்தா அப்பிடிச் செய்வியளோ?"

நேசமலர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வீரகத்தியின் பக்கம் தலையைத் திருப்பவும் இல்லை. திரும்பிப் பார்த்திருந்தாலே போதும், பத்மாசனிக்கு விளங்கியிருக்கும். அதைக்கூட அவர் செய்யவில்லை. நான் வாயைத் திறந்தேன்.

"அவாவை ஏசாதை, பத்மா" என்றார் வீரகத்தி.

கதவோரம் நின்றவர் நடு அறைக்கு வந்தார்.

"மிஸ்ஸி அளவாத்தான் விட்டவா. நான்தான், அவா அங்கால போக, திறந்து விட்டனான். ஒரு நாள் இல்லை, கனநாள். ஓவசியர் மாதிரி இவாவும் குறைச்சுத் தாறா எண்டு நினைச்சிட்டன். என்ர பிள்ளைக்குக் காணாது எண்டு நினைச்சிட்டன். பேந்து பயத்திலை ஒரேயடியாப் பூட்டி, ஒருக்காச் சாகவும் விடப் பாத்தன். மிஸ்ஸிதான் உயிரைப் பிடிச்சுத் தந்தவா. அவாவை ஏசாதை."

பத்மாசனி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

டொக்டர் தொண்டையைச் செருமினார். "அம்மா, இதாலைதான் போனது எண்டு என்னாலை சத்தியம் பண்ண ஏலாது. இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு, அளவா விட்டிருந்தாலும் வந்திருக்கலாம். விடாமல் இருந்தா இவன் இப்ப உங்கட கையிலை இல்லை. இதுதான் எனக்குத் தெரிஞ்ச உண்மை."

"மற்றக் கண் தெரியும்தானே?" அது ஒன்றுதான் அவள் கேட்டது.

"நல்லாத் தெரியும்."

அவள் நேசமலருக்குக் கிட்டப் போனாள். மன்னிப்புக் கேட்க அவளுக்கு வரவில்லை; பிள்ளையைத் திரும்ப அவர் கையில் கொடுத்தாள். நேசமலர் பரமுவின் நெற்றியில் விரலால் சிலுவை போட்டார். நாங்கள் யாரும் அதைத் தடுக்கவில்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது பத்மாசனி என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். வீரகத்தி தூரத்தில் ஒரு மரத்துக்குக் கீழே தனியே நின்றார். இவள் இப்போது, "அக்கா, நான் உங்களோட பளைக்கு வாறன்" என்று சொல்லப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். எங்கள் வீட்டில் எந்த அறையை அவளுக்கு ஒதுக்குவது என்றுகூட யோசித்துவிட்டேன். சொன்னால் வேண்டாம் என்று மறுக்க எனக்கு மனம் இல்லை. வா என்று கூப்பிடவும் மனம் இல்லை. அந்த மரத்துக்குக் கீழே நின்ற மனிசனைப் பார்க்க எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

பஸ் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் சீற்றில் இருந்தோம். இடம் இருந்தும் வீரகத்தி முன்னுக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கனதூரம் போயிருப்போம். பரமு சிணுங்கத் தொடங்கினான்.

"இஞ்சை வாங்கோ" என்றாள் பத்மாசனி.

அவர் திரும்பினார். தன்னைத்தானா என்று பார்த்தார்.

"உங்களைத்தான். எனக்குக் கை உளையுது. பிள்ளையைப் பிடியுங்கோ."

நான் எழும்பி இடம் விட்டேன். வீரகத்தி அவளுக்குப் பக்கத்தில், சீற்றின் நுனியில் இருந்து, இரண்டு கையையும் நீட்டி வாங்கி, பிள்ளையின் தலையை இடக் கையில் தாங்கினார்; பிள்ளையின் வலக் கண் அவர் பக்கமாக இருந்தது. பத்மாசனி பிள்ளையின் முகத்தில் கிடந்த துணியை விலக்கி விட்டாள். பிறகு அவர் முகத்தைப் பாராமலே சொன்னாள்.

"அப்பிடி வச்சிருந்தா அவனுக்கு உங்கட முகம் தெரியாது. மற்றக் கைக்கு மாத்துங்கோ."

வீரகத்தி பிள்ளையை வலக் கைக்கு மாற்றினார்.